அடுப்படியில் நிற்கும் மரங்கள்

(ஆவணி மாதத்தில், நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வந்ததும் சிலர் “என்ன வாசனை இது?” என்று கேட்டீர்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் மேசைமேல் இரண்டு பாத்திரங்களை மூடி வைத்திருக்கிறேன். ஒன்றில் இன்று விடியற்காலையில் கருப்பட்டி போட்டு அவித்த பனம்பழம். இன்னொன்றில் ஆனி மாதம் பலாப்பழத்தைக் கிண்டிப் பரணியில் அடைத்த சக்கவரட்டி. பேச்சு முடிந்ததும் எல்லாருக்கும் உண்டு. அதுவரை அந்த வாசனையையும் என் பேச்சின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பனம்பழ வாசனையைச் சொல்லில் கொண்டுவர என்னால் முடியாது.

நம் மண்ணின் கனிகள், கொட்டைகள், அவற்றில் வீட்டில் செய்யும் இனிப்புகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். பக்குவம் கேட்டு எழுதிக்கொள்ள வந்தவர்களுக்கு அதுவும் கிடைக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு மரம் ஊரில் நிற்குமா, வெட்டுப்படுமா என்பதைப் பெரும்பாலும் அடுப்படிதான் தீர்மானிக்கிறது. வீடு கட்ட வெட்டினார்கள், விலைக்கு வெட்டினார்கள் என்று பிறகு காரணம் சொல்கிறோம். அதற்குச் சில வருஷம் முன்பே அந்த மரத்தின் பழத்தில் பலகாரம் செய்வதை அந்த வீடு நிறுத்தியிருக்கும். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் வீட்டில் நடந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், எது நம் மண்ணின் பழம்? கொய்யா, பப்பாளி, சப்போட்டா, சீத்தாப்பழம், அன்னாசி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. பருப்பு வகையைப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். பாயசத்துக்கு நெய்யில் வறுத்துப் போடுகிறோமே முந்திரி, அது பிரேசில் நாட்டு மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. குமரி மாவட்டத்தில் அதற்குக் கொல்லாமரம் என்று நாமே ஒரு பேர் வைத்துக் கூப்பிடுகிறோம். நிலக்கடலைக்கும் பூர்வீகம் தென் அமெரிக்காதான். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். நூற்றாண்டுகளாக நம் மண்ணில் வேரோடியவற்றை அந்நியர் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் முந்திரியும் கடலையும் வந்து இறங்குவதற்கு முன்பும் நம் வீடுகளில் இனிப்பு இருந்தது. அதில் பல்லுக்குக் கடிபட என்ன போட்டார்கள்? தேங்காய்ச் சில்லு, எள், பலாக்கொட்டை, காட்டோர ஊர்களில் சாரப்பருப்பு. எங்கள் பக்கத்தில் கூடுதலாக ஒன்று உண்டு: தவுன். தவுன் என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பனைக்குத்தான் போகிறேன்.

நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம். தேரி மண். எங்கும் சிவந்த மணல், எங்கும் பனை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பது எல்லாருக்கும் தெரியும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் செய்தித்தாளில் வந்தது. பனை என்றதும் பதநீரும் கருப்பட்டியும் நுங்கும் நினைவுக்கு வருகின்றன. பனம்பழத்தைச் சொல்கிறவர்கள் குறைவு. ஏன் என்று யோசித்திருக்கிறேன். பனையேறுகிறவர் பாளையைச் சீவிவிட்டால் பதநீர் வரும், காய் வராது. காயை இளசாக வெட்டி இறக்கினால் நுங்கு, பழம் இல்லை. இரண்டுக்கும் ஆள் ஏற வேண்டும். ஏற ஆளில்லாமல் விட்ட பெண்பனையில்தான் பழம். விற்கிற கணக்கில் பார்த்தால் அது கைவிட்டுப்போன விளைச்சல்.

ஆனால் எங்கள் ஆச்சி கணக்கே வேறு. பனை தரும் பண்டங்களில் ஏறாமலே கிடைப்பது பழம் ஒன்றுதான். தானாகக் கனியும், தானாக விழும். ஏற முடியாத பொம்பளைக்கும், கூலி கொடுக்க வழியில்லாத வீட்டுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பனை கொடுக்கும் பங்கு அது. ஆடி கடைசியில் தொடங்கும். ராத்திரி காற்றடிக்கும்போது ‘தொம்’ என்று சத்தம் கேட்கும். படுத்திருக்கிற ஆச்சி, “ஏட்டி, கேட்டியா? மேக்க விழுந்திருக்கு” என்பாள். அடுத்த சத்தத்துக்கு, “இது கிணத்தடி மரம்” என்பாள். எந்த மரத்துப் பழம் இனிக்கும், எது கசக்கும் என்று அவளுக்குப் பாடம். விடியுமுன் கடவப்பெட்டியோடு போனால்தான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் முன்னால் எடுக்கலாம். நல்ல மரத்துப் பழம் சமையலுக்கு, கசப்பு மரத்துப் பழம் கிழங்குப் பாத்திக்கு என்று அங்கேயே பிரித்துவிடுவாள்.

சுட்டும் தின்போம். தணலில் போட்டுத் தோல் கருகி வெடித்ததும் எடுத்து, நார் நாராகப் பிய்த்து உறிஞ்சுவது. அது பிள்ளைகள் வேலை. ஆச்சி செய்தது அவியல். தலைத் தொப்பியை எடுத்துவிட்டுக் கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே மஞ்சள் நார்ச் சதை. கொட்டைக்கு ஒன்றாகப் பிளந்தால் பெரும்பாலும் மூன்று துண்டு. மண்பானையில் அடுக்கி, உடைத்த கருப்பட்டி, தட்டிய சுக்கு, ஒரு கை தண்ணீர். அதிகம் விடக்கூடாது, பழமே நீர் விடும். மூடிபோட்டுச் சின்னத் தீயில் வைத்தால் கருப்பட்டி உருகிப் பாகாகி, பாகு பழத்துக்குள் போய், பழச்சாறு பாகுக்குள் வரும். பானையைத் திறக்கிறபோது பழத்தின் மேல் ஒரு மினுக்கு தெரிய வேண்டும். அதுதான் பதம். ஆளுக்கொரு கொட்டையை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் அரைமணி நேரம் வீட்டில் பேச்சு இருக்காது.

சப்பி முடித்த கொட்டையைத் தூர எறியக்கூடாது, அடி விழும். புழக்கடையில் குவித்து வைப்போம். மழைக்கு முன்னால் மணலைக் கிளறிப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண் மூடுவோம். தைப்பொங்கலுக்குத் தோண்டினால் கிழங்கு. அவித்துத் தின்னலாம், தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்து உரலில் இடித்தும் தின்னலாம். கிழங்கைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற கொட்டையை அரிவாளால் இரண்டாகப் போட்டால், உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒரு பந்து இருக்கும். அதுதான் தவுன். யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். முளைவிடும்போது கொட்டைக்குள் இருக்கிற கெட்டிப் பருப்பை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்ப வளர்கிற உறுப்பு அது. பல்லில் பட்டதும் இனிப்பு நீராகக் கரையும். முந்திரி தெரியாத காலத்துப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் ஒரு பருப்பு தேவைப்படவில்லை.

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று ஒரு பழமொழி உண்டு. பனை பாளைவிட 15 வருஷமாவது ஆகும், சில மரத்துக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதால் வந்த சொல். பழமொழி சொன்னவர் கிழங்குப் பாத்தியைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றும். ஆச்சி ஆவணியில் கொட்டை புதைத்துத் தையில் தின்றாள். எல்லாக் கிழங்கையும் தோண்டிவிட முடியாது. வரப்போரத்தில், பாத்தி மூலையில், நாலைந்து விட்டுப்போகும். அவை வடலியாகும். எங்கள் தோட்டத்து மேற்கு வரிசைப் பனைகளை நட்டது யார் என்று அப்பாவிடம் கேட்டேன். யாரும் நடவில்லை, ஆச்சியின் பழைய பாத்தி அங்கே இருந்தது என்றார். பலகாரம் தின்று போட்ட கொட்டைதான் அந்த வரிசை.

இதனால்தான் விதை நடும் விழாக்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. 2021-இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாக அறிவித்தது; மாவட்ட ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் சொன்னது. இளைஞர்கள் குளக்கரைகளில் ஆயிரக்கணக்கில் விதைக்கிறார்கள். அவர்களை நான் மனதார வாழ்த்துகிறேன். ஆனால் விதைக்கக் கொண்டுவரும் சாக்குகளில் பழம் அழுகி, ஈ மொய்க்க, கையுறை போட்டு எடுத்துப் புதைக்கிறார்கள். ஒரு பழத்தைக்கூட ருசி பார்க்காமல் புதைக்கிற பிள்ளைகளுக்கு, 15 வருஷம் கழித்து அந்தப் பனை என்ன உறவு? விதைக்கிற அன்று ஒரு பானை அவித்துக் கொடுங்கள் என்று இரண்டு ஊர்களில் கேட்டுப் பார்த்தேன். ஓர் ஊரில் செய்தார்கள். அந்த ஊரில் மறுவருஷம் பிள்ளைகள் விழாவுக்குக் காத்திராமல் தாங்களே பழம் பொறுக்கப் போனார்கள்.

பனம்பழத்தைப் பலர் ஒதுக்குவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. காறல். சில மரத்துப் பழம் தொண்டையைப் பிடிக்கும், கசக்கும். பிளாபெலிபெரின் என்கிற சப்போனின் வகைச் சேர்மம் அதற்குக் காரணம். அதை எப்படிப் போக்குவது என்பதை நான் எங்கள் ஊரில் கற்கவில்லை. 1990-களில் எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடம் கற்றேன். நான் பனம்பழம் பிசைவதைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “பிள்ளை, களியை முதல்ல நல்லாக் காய்ச்ச வேணும். காறல் போகாட்டி ஒருத்தரும் வாயில வைக்க மாட்டினம்” என்றார். பழத்தைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, நாரை வடித்தெடுத்த களியைத் தாச்சியில் ஊற்றிச் சர்க்கரையோடு காய்ச்சினார். பச்சை வாடை போய் நிறம் ஆழ்ந்ததும் ஆறவைத்து, கோதுமை மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, விரலால் சின்னச் சின்னதாகக் கிள்ளி எண்ணெயில் விட்டார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. பனங்காய்ப் பணியாரம். முதல் ஈடு எடுத்ததும் அவர் வாயில் போடவில்லை; ஒரு தட்டில் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். ஊரை விட்டு வந்த பிறகு அன்றுதான் முதல்முறை செய்தாராம்.

பனாட்டைப் பற்றியும் அவர்தான் சொன்னார். பனங்களியைப் பாயில் மெல்லியதாக ஊற்றி வெயிலில் காயவைப்பது. காய்ந்ததன் மேல் மறுநாள் இன்னொரு பூச்சு. இப்படி நாள் கணக்கில் படை படையாக ஏறித் தோல் மாதிரி ஆனதும் வெட்டி எடுப்பது. அதையே வாசனைச் சரக்குகளோடு பனம்பாணியில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு. மழைக்காலம் முழுக்க வைத்துத் தின்னலாம். யாழ்ப்பாணமும் தூத்துக்குடியும் எதிரெதிர்க் கரைகள். ஒரே பனை, ஒரே பழம். இந்தக் கரையில் நாம் அன்றைக்கே தின்று தீர்த்தோம். அந்தக் கரையில் பழத்தைப் பாயாகச் சுருட்டி வைத்தார்கள். வங்காளத்திலும் இதே பழத்தை ஓர் இரவு துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கசப்பு நீரை வடிப்பார்கள்; பிறகு தேங்காயும் மாவும் சேர்த்து உருட்டிப் பொரித்துக் கண்ணன் பிறந்தநாளுக்குப் படைப்பார்கள். காறலைப் போக்க ஒருவர் நெருப்பைப் பிடித்தார், ஒருவர் துணியைப் பிடித்தார். நாம், ‘அந்தப் பழம் கசக்கும்’ என்று விட்டுவிட்டோம்.

வேறு சில மரங்களையும் சொல்லாமல் போக முடியாது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று கேலியாகச் சொல்கிறோம். எனக்கு அது கேலியாகப் படவில்லை. ஒரு காலத்து உண்மையின் பதிவாகப் படுகிறது. இரவு முழுக்க உதிர்ந்து விடியலில் மரத்தடியில் பாய் விரித்தாற்போல் கிடக்கும் அந்தப் பூவில் உண்மையிலேயே சர்க்கரை மிகுதி. காயவைத்தால் திராட்சை வற்றல் மாதிரி சுருங்கும். வறுத்து எள்ளோடு இடித்தால் வெல்லமே வேண்டாம். கொட்டையின் எண்ணெய் கோயில் விளக்குக்குப் போனது. இலுப்பூர் என்று ஊருக்கே பேர் வைக்கிற அளவுக்கு இருந்த மரம் அது. இன்றைக்கு இந்தக் கூடத்தில் இலுப்பைப்பூவைத் தின்றவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்? சரி, இரண்டு. இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

விளாம்பழத்துக்கு விநாயகர் சதுர்த்தி இருக்கிறது. அந்த ஒருநாள் தேவையால்தான் சந்தையில் இன்னும் தலைகாட்டுகிறது. ஓட்டை உடைத்து, சதையோடு வெல்லத்தைப் பிசைந்து, ஏலக்காய் தட்டிப்போட்டு அதே ஓட்டிலேயே வைத்துக் கொடுப்பதைவிட எளிய இனிப்பு ஒன்று எனக்குத் தெரியாது. அடுப்புகூட வேண்டாம். பழுத்ததா என்று பார்க்கத் தரையில் மெல்லப் போடுங்கள். காய் துள்ளும், பழம் துள்ளாது. இலந்தைப்பழத்தைக் கொட்டையோடு இடித்து, வெல்லம், புளி, மிளகாய், பெருங்காயம் சேர்த்துத் தட்டிக் காயவைக்கிற இலந்தைவடை பள்ளிக்கூட வாசலில் பிழைத்துக் கிடக்கிறது. பழநிப் பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மலைவாழைப்பழத்தில் நீர் குறைவு என்பதால் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் சர்க்கரை, தேன், நெய்யோடு பிசைந்து அத்தனை நாள் வைத்திருக்க முடிகிறது. முடிக்கொத்து நோய் அந்த வாழையைப் பெரிதும் அழித்தபோதும் அதைக் காப்பாற்ற ஆள் இருந்தார்கள் என்றால், தேவை இருந்தது. கோயில் பிடித்துக்கொண்ட பழமும் கடை பிடித்துக்கொண்ட பழமும் எப்படியோ பிழைக்கும். வீட்டை மட்டும் நம்பி நின்ற மரங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இப்போது என் கதை.

பனங்காட்டில் பிறந்தவளைக் கல்குளம் தாலுகாவில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே பனைக்குப் பதில் பலா. பலாவுக்குப் பூர்வீகமே மேற்குத் தொடர்ச்சி மலை என்பதால் குமரி மாவட்டத்தில் அது வேலிக்குள் வளர்ந்த காட்டுமரம் மாதிரிதான். பழத்தைச் சக்க என்பார்கள். கல்யாணமாகிப் போன வருஷமே பெரிய பாடம் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு முன்னால் நின்றது வருக்கை. சுளை கெட்டியாக, கடித்தால் சத்தம் வரும். பின்னால் நின்றது கூழன். சுளை வழுவழுவென்று குழைந்து தொண்டைக்குள் வழுக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்ததை மாமி பார்த்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. “திங்கதுக்குள்ள சக்க இல்ல மக்களே, வரட்டதுக்குள்ள சக்க” என்றார்.

வருக்கையில் வரட்டி செய்யலாம். ஆனால் அரைக்க வேண்டும், அரைத்தாலும் திப்பி தட்டும். கூழன் சூட்டிலேயே கரைந்துபோகும். அதன் இனிப்பும் கூடுதல். ஒரு பத்துக் கிலோப் பழத்தில் சுளை மூன்று கிலோ தேறும். கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, பால் ஒட்டாமல் சுளை எடுத்து, கொட்டை நீக்கி, பெரிய வெண்கல உருளியில் கொஞ்சம் தண்ணீரோடு வேகவைக்க வேண்டும். வெந்து குழைந்ததும் சுளைக்குப் பாதி எடை வெல்லம். உருக்கி, வடிகட்டி ஊற்றுவது. அதற்குப் பிறகுதான் வேலை. சட்டுவத்தை விடாமல் கிண்ட வேண்டும். முதலில் தளதளவென்று கொதித்துக் கைமேல் தெறிக்கும். நேரம் ஆக ஆக நிறம் பொன்னிலிருந்து செம்புக்கும், செம்பிலிருந்து காப்பிக்கொட்டைக்கும் போகும். இடையிடையே நெய். கடைசியில் சுக்கும் ஏலமும். எடுத்து உள்ளங்கையில் உருட்டினால் ஒட்டக்கூடாது. சட்டுவத்தைச் செருகினால் சாயாமல் நிற்க வேண்டும். பெரிய உருளி என்றால் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம். உருளி நிறைய ஏற்றியது அடியில் மூன்றில் ஒரு பங்காக வற்றிக் கிடக்கும்.

அந்த வற்றலில்தான் சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் பூஞ்சை வளரும். நீரைத் தீயால் விரட்டி, மிச்சத்தை வெல்லத்தின் சர்க்கரையால் கட்டிப்போட்டுவிட்டால், பரணியில் ஒரு வருஷம் கெடாது. ஈரக் கரண்டி படக்கூடாது, அவ்வளவுதான். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் சக்கப்பழம் நீர்த்துச் சப்பென்று ஆகிவிடும். அதற்குள் கிண்டி முடிக்க வேண்டும் என்று ஒரு ஓட்டம். கொட்டையை மண்ணில் புதைத்து ஆடிமாதக் கறிக்கு வைப்பார்கள். ஓணத்துக்குப் பரணியைத் திறந்து இரண்டு அகப்பை வரட்டியை எடுத்து, மூன்றாம் தேங்காய்ப்பாலில் கரைத்து, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, இறக்கிவைத்த பிறகு தலைப்பால் ஊற்றி, நெய்யில் வறுத்த தேங்காய்ப்பல் தூவினால் பிரதமன். மாமி அதில் முந்திரி போடமாட்டார்.

மாமி 2009-இல் காலமானார். அடுத்த சக்கக் காலத்தில் நான் ஒருமுறை கிண்டினேன், அடிப்பிடித்தது. வேலைக்குப் போகிறவள், நாலு மணி நேரம் யாரால் நிற்க முடியும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பினேன். முன்வாசல் வருக்கையைத் தின்றோம், பக்கத்துக்குக் கொடுத்தோம், வியாபாரியும் வந்து கேட்டார். கூழனை யாரும் கேட்கவில்லை. ஆறு வருஷம் அந்தப் பழங்கள் பழுத்துக் கீழே விழுந்து வெடித்தன. நாற்றம், ஈ, பெருச்சாளி. அடுத்த வீட்டார் முறையிட்டார்கள், அவர்கள்மேல் தப்பே இல்லை. பலாத்தடிக்கு நல்ல விலை. 2015 வைகாசியில் மரத்தை விற்றோம். காயும் பழமுமாக இருக்கும்போதே விழுந்தது. அறுக்கிற சத்தம் கேட்கக்கூடாது என்று நான் அன்று சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது பின்கட்டில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. மாமி கையில் சட்டுவத்தோடு நின்ற இடம் அது.

அந்த மரம் எங்கள் வீட்டில் வெட்டுப்பட்டது 2015-இல் இல்லை. உருளியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவைத்தேனே, அந்த நாளில்.

விழுந்து கிடந்த ஒரு பழத்திலிருந்து பன்னிரண்டு கொட்டை எடுத்தேன். பலாக்கொட்டையைக் காயவைத்து நெல் மாதிரிச் சேர்த்துவைக்க முடியாது, உலர்ந்தால் முளைக்காது. மறுநாளே நட்டேன். ஐந்து முளைத்தன, ஆடு கடித்தது போக ஒன்று நிலைத்தது. இந்த வருஷம் அடிமரத்தில் முதல் காய் பிடித்தது. ஆனியில் பழுத்தது. அறுத்துப் பார்த்தால் வருக்கையும் இல்லை, கூழனும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். பலா அயல் மகரந்தத்தில் காய்க்கிற மரம். கொட்டை தாயைப்போல வரும் என்பதற்கு உறுதி கிடையாது. அப்படியே வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டியிருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு கிளையிலிருந்து ஒட்டுக் குச்சி எடுத்திருந்தால் மாமியின் கூழன் இன்றைக்கும் இருக்கும். அது எனக்கு அப்போது தெரியாது. உங்களில் யாராவது வீட்டில் அப்படி ஒரு மரத்தை விலைபேசி வைத்திருந்தால், தயவுசெய்து அதற்குமுன் ஒட்டுக் கட்டத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பெண்கள் எல்லாரும் பழையபடி உருளி முன்னால் நாலு மணி நேரம் நில்லுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மாமியின் வலது தோள் கடைசிக் காலத்தில் தூக்க முடியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். ருசியைப் புகழ்கிறவர்கள் அந்தத் தோளையும் நினைக்க வேண்டும். வரட்டி கிண்டப் புஜபலம் வேண்டும். புஜபலம் உள்ளவர்கள் அந்த வீட்டிலேயே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருஷமாக எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் கிண்டுகிறோம். ஆண்களும் முறை போட்டுச் சட்டுவம் பிடிக்கிறார்கள். ஆளுக்கு அரைமணி நேரம். யாருக்கும் தோள் வலிக்கவில்லை, அடிப்பிடிக்கவும் இல்லை. பழம் பக்கத்து ஊரில் ஒரு கூழன் மரத்திலிருந்து வருகிறது. அதையும் வெட்டத்தான் இருந்தார்கள். ‘வருஷா வருஷம் எல்லாப் பழத்தையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், விலை சொல்லுங்கள்’ என்று போய் நின்றோம். மரத்துக்காரர் முதலில் நம்பவில்லை. இப்போது மரத்தடியில் அவரே சாக்கு விரித்து வைக்கிறார்.

மேசைமேல் இருக்கிற வரட்டியில் பாதி அந்த மரத்துப் பழம். மீதி, என் பின்கட்டில் முதன்முதலாகக் காய்த்த அந்த நடுவிலான் பழம். திப்பி தட்டுப்பட்டால் அது அதனுடையது.

பேச்சு போதும், ஆறிவிடும். வாழையிலை நறுக்கு வைத்திருக்கிறோம். வரட்டி ஆளுக்கு ஒரு உருண்டை, பனம்பழம் ஆளுக்கு ஒரு துண்டு. கையால்தான் சாப்பிட வேண்டும், நார் பல்லில் மாட்டும், வெட்கப்படாதீர்கள். சப்பி முடித்த பனங்கொட்டையைக் குப்பைத் தொட்டியில் போடவேண்டாம். வாசலில் இடதுபக்கம் ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். அதில் போட்டுவிட்டுப் போனால் நான் பாத்தியில் வைத்துக்கொள்கிறேன். தைக்குக் கிழங்கு வேண்டுமென்பவர்கள் பக்கத்தில் இருக்கிற நோட்டில் பேர் எழுதிவிட்டுப் போங்கள்.